நீருக்காகக் காத்த காடு

மழைக்காலத்தில் மட்டும் ஓடி, மற்றக் காலங்களில் காய்ந்து கிடக்கும் ஓடைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பங்குனி, சித்திரையில் அவற்றைக் கடந்தால் காற்செருப்புகூட நனையாது. கல்லும் மணலும் சருகும்தான் கண்ணில் படும். 'இது ஓர் ஓடை' என்று யாரேனும் சொன்னால், 'நீர் எங்கே?' என்று கேட்கத் தோன்றும் அல்லவா? அந்தக் கேள்விக்கு ஒரு காட்டின் வரலாறு விடை சொல்கிறது. அதை இக்கட்டுரையில் காண்போம்.

அந்தக் காடு எங்கோ தொலைதூர மலைத்தொடரில் இல்லை. கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் மும்பை மாநகரின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. போரிவ்லி என்னும் புறநகர் ரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் சென்றால் அதன் வாயிலை அடைந்துவிடலாம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்பது அதன் இன்றைய பெயர். பரப்பு ஏறக்குறைய 104 சதுர கிலோ மீட்டர். 250-க்கு மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. சிறுத்தைகளும் வாழ்கின்றன.

ஒரு சதுர அடி நிலத்துக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் நகரத்தில் இவ்வளவு பெரிய காடு எப்படி மிஞ்சியது? பறவைகளின் மீது இரக்கம் கொண்டு அதை முதலில் யாரும் காக்கவில்லை. விலங்குகளுக்காகவும் காக்கவில்லை. நகரத்தின் தாகத்தைத் தீர்க்கவே காத்தார்கள். அந்தக் காவலின் நிழலில் பறவைகளும் பிழைத்துக்கொண்டன.

மழையும் பாறையும்

மும்பை என்பது ஒரு காலத்தில் ஏழு சிறு தீவுகள். அவற்றுக்கு வடக்கே சால்செட் என்னும் பெரிய தீவு இருந்தது. இன்றைய புறநகர்ப் பகுதிகள் பெரும்பாலும் அந்தத் தீவில்தான் அமைந்துள்ளன. தீவின் நடுவே வடக்குத் தெற்காகக் குன்றுகள் செல்கின்றன. அவற்றில் எதுவும் 500 மீட்டர் உயரத்தை எட்டவில்லை. ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பொங்கிப் பரவிய காலத்தின் பாறைகள் இவை.

இக்குன்றுகளின் மேல் ஆண்டுக்கு 2,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. ஆனால் ஏறத்தாழ முழு மழையும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டிவிடுகிறது. மற்ற எட்டு மாதங்களில் வானம் வெறுமையாக இருக்கும். ஆகவே இங்குள்ள ஓடைகள் எல்லாம் பருவ ஓடைகளே.

மழை நின்றதும் ஓடையும் நின்றுவிடுமா? மொட்டைக் குன்றாக இருந்தால் அப்படித்தான் நடக்கும். விழுந்த நீர் சில மணி நேரத்தில் வழிந்தோடிவிடும். காடு உள்ள குன்றில் நடப்பது வேறு. மழைத்துளி முதலில் இலையில் விழுந்து வேகம் குறைகிறது. பிறகு சருகு மெத்தையில் இறங்குகிறது. வேர்கள் துளைத்த வழிகளிலும், மண்புழுக்கள் தோண்டிய துளைகளிலும் புகுந்து மண்ணுக்குள் செல்கிறது. பாறை வெடிப்புகளில் தேங்குகிறது. அங்கிருந்து துளித்துளியாகக் கசிந்து, வாரக்கணக்கில் ஓடைக்கு வந்து சேர்கிறது. அதனால்தான் அக்டோபரில் மழை விடைபெற்ற பிறகும் காட்டோடைகளில் நீர் ஓடுகிறது. பின்னர் அது மெல்ல இளைத்து, ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்கி, கோடையில் மறைகிறது.

மறைந்த பிறகும் ஓடை இறந்துவிடுவதில்லை. மணலுக்கடியில் ஈரம் தங்கியிருக்கும். அந்த ஈரத்தை நம்பி ஓடைக்கரை மரங்கள் மற்ற மரங்களைவிட உயரமாகவும் அடர்த்தியாகவும் வளர்கின்றன. குன்றின் சரிவில் தேக்கு இலையுதிர்த்து நிற்கும் வேளையில், ஓடைக்கரையில் பச்சை நிழல் இருக்கும். கோடை வெயிலில் பறவைகள் தேடி வருவது அந்த நிழலைத்தான்.

துறவிகள் வெட்டிய தொட்டிகள்

இந்த மழையின் கணக்கை முதலில் நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் பௌத்தத் துறவிகள். காட்டின் நடுவே உள்ள கன்ஹேரிக் குன்றில் நூற்றுக்கு மேற்பட்ட குகைகளை அவர்கள் பாறையில் குடைந்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய இப்பணி ஆயிரம் ஆண்டுகள் வரை நீண்டது. கிருஷ்ணகிரி, அதாவது கரிய மலை என்னும் பெயரே கன்ஹேரி என்று திரிந்தது.

குகைகளைப் பார்க்கச் செல்பவர்கள் பெரிய வழிபாட்டு மண்டபத்தையும் புத்தர் சிலைகளையும் கண்டு வியந்து திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் சென்றால் கால்களுக்குக் கீழேயும் பாருங்கள். பாறையில் மெல்லிய வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருக்கும். மேலிருந்து வழியும் மழைநீரை அவை ஓரமாக அழைத்துச் சென்று, குகை வாயிலருகே உள்ள தொட்டியில் சேர்க்கின்றன. பெரும்பாலான குகைகளுக்கு இப்படித் தனித் தொட்டி உண்டு. நான்கு மாத மழையைப் பிடித்து, எட்டு மாத வறட்சியைக் கடக்கும் ஏற்பாடு இது.

கல்யாண், சோபாரா போன்ற பழந்துறைமுக நகரங்களின் வணிகர்கள் இம்மடத்துக்குக் கொடை அளித்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. குகையை மட்டுமா கொடுத்தார்கள்? நீர்த்தொட்டியையும் தனிக்கொடையாகக் கொடுத்துப் பெயரைப் பொறித்துக்கொண்டார்கள். ஒரு தொட்டி நீர் அவ்வளவு மதிப்புடையதாக இருந்தது. 1009-ஆம் ஆண்டிலும் 1021-ஆம் ஆண்டிலும் இங்கு வந்த பார்சிகள் தம் வருகையைப் பாலவி எழுத்தில் பொறித்துச் சென்றுள்ளனர். அதன் பின் துறவிகளின் வாழ்வு மங்கியது. குகைகளைக் காடு சூழ்ந்துகொண்டது.

தாகம் கட்டிய ஏரி

சால்செட் தீவு 1534-ல் போர்த்துகீசியரிடம் சென்றது. 1737-ல் மராட்டியரும் 1774-ல் ஆங்கிலேயரும் அதைக் கைப்பற்றினர். ஆட்சிகள் மாறினாலும் நம் கதைக்கு முக்கியமான திருப்பம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வருகிறது.

பம்பாய் என்று அன்று அழைக்கப்பட்ட நகரம் விரைவாக வளர்ந்துகொண்டிருந்தது. 1853-ல் இந்தியாவின் முதல் பயணி ரயில் பம்பாய்க்கும் தானாவுக்கும் இடையே ஓடியது. துறைமுகத்தில் கப்பல்கள் பெருகின. குடிநீருக்கோ பழைய கிணறுகளும் குளங்களும்தான். மழை பொய்த்தால் அவை வற்றின, வற்றாதவை கெட்டன. 1845-ல் மக்கள் குரல் எழுப்பினர். 1854-ல் பஞ்சம் முற்றியபோது வெளியிலிருந்து படகுகளில் நீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. கால்நடைகளை நகரை விட்டு மாஹிமுக்கு ஓட்டிச் சென்றார்கள்.

இதற்குத் தீர்வாக ஒரு யோசனை முன்பே சொல்லப்பட்டிருந்தது. சால்செட் குன்றுகளில் பிறந்து தெற்கே பாயும் மிட்டி ஆற்றைப் பள்ளத்தாக்கிலேயே மறித்து ஏரியாக்கினால் என்ன என்று 1852-ல் கிராஃபோர்டு என்னும் படைப் பொறியாளர் கேட்டார். ஹென்றி கானிபியர் என்னும் பொறியாளர் அதைச் செயல்திட்டமாக்கினார். 1856-ல் வேலை தொடங்கி 1860-ல் முடிந்தது. இப்படித்தான் விஹார் ஏரி பிறந்தது. ஏரி நகரைவிட உயரத்தில் இருந்ததால், எந்திரம் இல்லாமலே நீர் குழாயில் இறங்கிச் சென்றது.

ஒரு ஏரி போதவில்லை. 1879-ல் சற்று மேலே, காட்டின் நடுவில், துளசி ஏரி கட்டி முடிந்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். ஏரி என்பது அணையும் நீரும் மட்டும் ஆகாது. மழைநீர் எந்தச் சரிவுகளில் விழுந்து ஏரிக்கு வருகிறதோ, அந்த நிலம் முழுவதும் ஏரியின் பகுதியே. அதை நீர்ப்பிடிப்பு நிலம் என்கிறோம். அங்கே ஊரும் தொழுவமும் இருந்தால் அவற்றின் கழிவெல்லாம் குடிநீரில் கலக்கும். காட்டை வெட்டினால் மண் அரித்து ஏரியைத் தூர்த்துவிடும். ஆகவே நகராட்சி இந்தச் சரிவுகளைத் தன் பொறுப்பில் வைத்துக் காவல் போட்டது. கோடரியும் கலப்பையும் நுழைய முடியாத நிலமாக அது ஆயிற்று.

இந்தக் காவலின் பயனை அறியப் பக்கத்து ஏரியைப் பார்த்தால் போதும். விஹாருக்குக் கீழே 1891-ஐ ஒட்டிப் பவாய் ஏரி கட்டப்பட்டது. அதன் நீர் விரைவிலேயே குடிப்பதற்கு ஏற்றதல்ல என்று கைவிடப்பட்டது. இன்று அதன் கரையைச் சுற்றி அடுக்குமாடிகள் நிற்கின்றன. காடு சூழ்ந்த விஹாரும் துளசியும் இன்றும் மும்பைக்குக் குடிநீர் தருகின்றன.

பறவைகளைப் பதிந்தவர்கள்

ஏரிகள் நிரம்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நகரத்தில் வேறொரு முயற்சியும் தொடங்கியது. 1883-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் எட்டுப் பேர் கூடிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நிறுவினர். அவர்களுள் ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் என்னும் இரு இந்திய மருத்துவர்களும் இருந்தனர். தாங்கள் கண்ட விலங்கு, பறவை, பூச்சிகளைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும், மாதிரிகளைச் சேர்த்து வைப்பதும் அவர்கள் நோக்கம். 1886 முதல் கழகம் தன் ஆய்விதழை வெளியிட்டு வருகிறது.

அந்தக் கழகத்தின் படியில் ஒரு நாள் ஒரு சிறுவன் ஏறினான். விளையாட்டுத் துப்பாக்கியால் அவன் சுட்ட குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன குருவி என்று கேட்க வந்தான். கழகத்தின் செயலாளர் மில்லார்டு அவனைத் துரத்திவிடவில்லை. குருவியின் பெயரைச் சொல்லி, அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்தச் சிறுவன்தான் 1896-ல் பிறந்த சாலிம் அலி. பிற்காலத்தில் இந்தியப் பறவையியலின் தலைமகனாக விளங்கியவர்.

சாலிம் அலியும் ஹுமாயூன் அப்துல் அலியும் சேர்ந்து பம்பாய், சால்செட் பகுதிப் பறவைகளைப் பற்றி 1930-களின் பிற்பாதியில் கழக இதழில் தொடராக எழுதினர். எந்தப் பறவை எந்த மாதத்தில் வருகிறது, எங்கே கூடு கட்டுகிறது, எப்போது போகிறது என்பவை அதில் முறையாகப் பதிவாயின. நகரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காடு இருந்ததால்தான் இது முடிந்தது. வேலைக்குப் போகும் மனிதரும் விடுமுறை நாளில் ரயிலேறிச் சென்று பறவை பார்த்துத் திரும்பலாம். பல தலைமுறைப் பறவை நோக்கர்களுக்கு அக்காட்டின் ஓடைகளே பள்ளிக்கூடமாயின.

காட்டின் ஒரு பகுதி கிருஷ்ணகிரி தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது. 1969-ல் சுற்றியிருந்த ஒதுக்குக் காடுகளும் சேர்க்கப்பட்டுப் பூங்கா விரிந்தது. நீருக்காகப் போட்ட வேலி, இப்போது உயிரினங்களுக்கான வேலியாகச் சட்டத்திலும் இடம்பெற்றது.

ஓடையின் நாட்காட்டி

இனி, அந்தக் காட்டின் ஓடை ஒன்றின் கரையோடு ஓர் ஆண்டு முழுவதும் நடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். போரிவ்லிப் பக்கம் சிலோண்டா ஓடைத் தடம் உண்டு. கிழக்கே தானாப் பக்கம் யேவூர்க் காட்டில் ஓடைகள் உண்டு. வனத்துறையின் இசைவு பெற்று இவற்றில் நடக்கலாம்.

வைகாசி முடிந்து ஆனி பிறக்கும் வேளையில் முதல் மழை இறங்குகிறது. அதற்குச் சற்று முன்பாகவே ஒரு சின்னஞ்சிறு விருந்தாளி வந்துவிடுகிறது. அலகிலிருந்து வால் வரை 13 சென்டி மீட்டர் நீளம். ஊதா, மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என்று வண்ணப்பெட்டியைக் கவிழ்த்தது போன்ற உடல். இதுவே மூவிரல் மீன்கொத்தி. பெரும்பாலான மீன்கொத்திகளுக்குக் காலில் நான்கு விரல்கள், இதற்கு மூன்றே. இரவில் பயணம் செய்யும் இப்பறவை வழியில் நகரத்து விளக்கொளியில் தடுமாறி, வீட்டுச் சன்னல்களில் மோதி விழுவதும் உண்டு.

பருவ ஓடையின் மண்கரைதான் இதற்கு வீடு. மழையில் நனைந்து இளகிய கரையில் சுரங்கம்போல் வளை தோண்டி முட்டையிடுகிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன. குஞ்சுகளுக்குத் தவளை, சிறு நண்டு, பல்லி ஆகியவற்றைக் கொண்டுவந்து ஊட்டுகின்றன. அவை மிகுதியாகக் கிடைப்பதும் மழையில்தான். ஓடையின் நான்கு மாத ஓட்டமும் இப்பறவையின் குடும்ப வாழ்க்கையும் ஒன்றோடொன்று பின்னியவை. ஓடை கல்லும் சிமெண்டும் பூசிய வாய்க்காலாக மாறினால் மீன்கொத்திக்குத் தோண்ட மண் ஏது?

மழை வலுக்கும்போது ஓடை இரைச்சலையும் மீறி ஒரு சீழ்க்கை ஒலி கேட்கும். பையன் ஒருவன் பாட்டின் மெட்டைப் பாதி மறந்து, நினைவுக்கு வந்தவரை சீழ்க்கையடிப்பதுபோல் இருக்கும். அதுதான் சீகாரப் பூங்குருவி. கருநீல உடல், தோளில் ஒளிரும் நீலத் திட்டு. நீர் கொட்டும் பாறை இடுக்கில் கூடு கட்டும். தோட்டக்கள்ளன் என்று நாம் அழைக்கும் ஆறுமணிக் குருவியும் இக்காலத்தில் இங்கு இனப்பெருக்கம் செய்கிறது. பனிக்காலத்தில் நம் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் சருகைக் கிளறித் திரிவதும் இதே இனந்தான். சுடலைக்குயில் மழையோடு வந்து, பிற பறவைகளின் கூட்டில் முட்டையிட்டுச் செல்கிறது.

புரட்டாசியில் மழை குறைகிறது. ஓடை தெளிகிறது. அப்போது இமயப் பக்கத்திலிருந்து சாம்பல் வாலாட்டி வந்து சேர்கிறது. ஓடைக் கற்களின்மேல் நின்று, ஓயாமல் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே பூச்சி பிடிக்கும். வலசை வரும் பறவைகளில் முந்திக்கொண்டு வருபவற்றுள் இதுவும் ஒன்று.

மார்கழி, தை மாதங்களில் ஓடையின் ஓட்டம் நின்று குட்டைகள் மட்டும் மிஞ்சும். பறவை பார்க்க விரும்புபவர்களுக்கு இதுவே நல்ல காலம். மழையில் காடெங்கும் நீர் இருந்தபோது சிதறிக் கிடந்த பறவைகள், இப்போது சில குட்டைகளை நாடி வருகின்றன. பிற்பகலில் ஒரு குட்டையைச் சற்றுத் தள்ளியிருந்து பாருங்கள். மரநிழலில் அசையாமல் உட்காருங்கள். அரைமணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக வரும். நீண்ட வெள்ளை நாடாவை வாலாகக் கட்டிய வேதிவால் குருவி ஒரு முறை நீரைத் தொட்டு மேலேறும். துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை நடித்துக் காட்டும். வாலை மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் ஆட்டும் காட்டு வாலாட்டி சருகின்மேல் நடந்து வரும். நற்பேறு இருந்தால், சிவந்த வயிற்றுடன் தீக்காக்கை கிளையில் அமைதியாக அமர்ந்திருப்பதையும் காணலாம்.

மாசி, பங்குனியில் குட்டைகளும் வற்றுகின்றன. ஆனால் புரசு, இலவு, கல்யாண முருங்கை ஆகிய மரங்கள் இலையுதிர்த்துச் சிவக்கப் பூக்கின்றன. மைனா, கரிச்சான், தேன்சிட்டு எல்லாம் அந்தப் பூக்களில் தேன் குடிக்கக் கூடுகின்றன. ஓடை மணலடியே காத்த ஈரத்தில் மரங்கள் தாக்குப்பிடித்து நிற்கின்றன. மீண்டும் ஆனி வரும்வரை காடு காத்திருக்கிறது.

இந்த ஆண்டுக் கணக்கையும் கடந்த ஒரு நாட்காட்டி கார்வி என்னும் புதருக்கு உண்டு. நம் குறிஞ்சியின் உறவுச் செடி இது. குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூப்பதுபோல், கார்வி 8 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கிறது. இக்காட்டில் அது 2008, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. சரிவுகளில் மண்ணைப் பிடித்து நிறுத்துவதில் இப்புதருக்குப் பெரும் பங்கு உண்டு.

வேலிக்கு வெளியே

காட்டுக்குள் காக்கப்பட்ட ஓடை, வேலியைத் தாண்டியதும் என்ன ஆயிற்று? மிட்டி, தகிசர், போயிசர், ஓஷிவாரா என மும்பையின் நான்கு ஆறுகள் இக்குன்றுகளிலும் இவற்றை ஒட்டிய ஆரே பகுதியிலும் பிறக்கின்றன. மிட்டி என்ற சொல்லுக்கு இனிப்பு என்று பொருள். மிட்டாய் என்று நாம் சொல்வதும் இதே வேரிலிருந்து வந்ததுதான். பெயர் இப்படி இருக்க, நகருக்குள் அந்த ஆறு சாக்கடையாகவே கருதப்பட்டது. எட்டு மாதம் நீர் குறைந்து கிடக்கும் ஆற்றின் அகலம் வீணான நிலமாகத் தோன்றியது. கரைகளை நெருக்கினார்கள். தொழிற்சாலைக் கழிவும் குப்பையும் கொட்டினார்கள். விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் அதை நுழைத்தார்கள். முகத்துவாரத்துச் சதுப்பு நிலத்தை மேடாக்கி அலுவலக நகரம் எழுப்பினார்கள்.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் மழை தன் கணக்கைக் கேட்டது. சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை பதிவாயிற்று. அதே வேளையில் நகரின் தென்கோடியான கொலாபாவில் பதிவானது 73 மில்லி மீட்டர்தான். விஹார் ஏரி நிரம்பி வழிந்தது. கடலில் அலையேற்றம் வேறு. போக வழியில்லாத மிட்டி ஆறு, தான் முன்பு ஓடிய இடங்களையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டது. மாநகரில் மட்டும் 400-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இந்த ஆறு கடலை அடையும் முன் தாராவியின் ஓரமாகச் செல்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர்கள் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டுக் குடியேறிய இடம் அது. நம் வாசகர்கள் பலருக்கு அங்கே உறவினர் இருப்பர். குன்றின்மேல் ஓடை எப்படி நடத்தப்படுகிறது என்பது, தாழ்நிலத்தில் வாழும் ஏழையின் வீட்டுக்குள் எத்தனை அடி நீர் புகும் என்பதையும் முடிவு செய்கிறது.

காட்டுக்குள் மனிதர்

காட்டைக் காத்த கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பூங்கா என்ற பெயர் வருமுன்பே வார்லி முதலிய பழங்குடி மக்கள் இக்குன்றுகளில் வாழ்ந்து வந்தனர். கார்விக் கழிகளை நட்டு மண் பூசிய சுவர்களே அவர்களின் வீடுகள். ஓடையின் எந்த வளைவில் கோடையிலும் ஊற்று கிடைக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

நகரம் பெருகியபோது வீடில்லாத ஏழைகளும் காட்டின் ஓரங்களில் குடிசை போட்டனர். 1995-ல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு உயர் நீதிமன்றத்தை அணுகியது. 1997-ல் நீதிமன்றம் ஆக்கிரமிப்புகளை அகற்ற ஆணையிட்டது. பின்வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான குடிசைகள் இடிக்கப்பட்டன. காடு மீண்டது உண்மை. மாற்று வீடு கிடைக்காமல் தெருவுக்கு வந்தவர்கள் பலர் என்பதும் உண்மை. தலைமுறைகளாக வாழ்ந்த பழங்குடியினரை மற்றவர்களோடு ஒன்றாக எண்ணலாமா என்ற கேள்வியும் எழுந்தது. குடிநீர், காடு, குடியிருப்பு ஆகிய மூன்றும் மனிதரின் தேவைகளே. ஒன்றைக் காக்கும் செலவு முழுவதையும் எளியவர்மேல் மட்டும் சுமத்தலாமா என்று நாம் கேட்டாக வேண்டும்.

இன்று இன்னொரு மாறுதலும் நேர்ந்துள்ளது. மும்பையின் குடிநீரில் மிகப் பெரும் பங்கு தொலைவிலுள்ள பெரிய அணைகளிலிருந்து வருகிறது. விஹாரும் துளசியும் தருவது மிகச் சிறிய பங்கு. 160 ஆண்டுகளுக்கு முன் காட்டுக்கு வேலி போட்ட காரணம் வலுவிழந்துவிட்டது எனலாம். 2019-ல் ஆரே பகுதியில் மெட்ரோ ரயில் பணிமனைக்காக ஈராயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டபோது மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2024-ல் பூங்காவின் குன்றுகளுக்கு அடியில் சுரங்கச் சாலை அமைக்க அடிக்கல் நாட்டப்பட்டது. இப்போது காட்டைக் காக்கப் புதிய காரணத்தைச் சொல்ல வேண்டியவர்கள், ஓடைக்கரையில் நடந்து பறவைகளைக் குறித்து வைத்தவர்களே. மூவிரல் மீன்கொத்தி எந்த ஆண்டு எந்த நாளில் வந்தது, எந்தக் கரையில் வளை தோண்டியது என்ற குறிப்புகள் பொழுதுபோக்காகத் தொடங்கியவை. ஓடை உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சான்றாக இன்று அவை பயன்படுகின்றன.

நீங்களும் செய்யலாம்

இதற்கு மும்பைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊருக்கு அருகே குன்றும் காடும் ஓடையும் இருந்தால் போதும். ஒரு குறிப்பேடு வாங்குங்கள். மாதம் இருமுறை, அதே ஓடைக்கு, அதே நேரத்தில் செல்லுங்கள். காட்டுக்குள் என்றால் வனத்துறையிடம் இசைவு பெற்று, பெரியவர் ஒருவருடன் செல்லுங்கள். மழை நேரத்தில் ஓடைக்குள் இறங்காதீர்கள். மேலே பெய்த மழை நொடியில் வெள்ளமாக வந்துவிடும். கண்ணைப் பறிக்கும் நிறச் சட்டை வேண்டாம், உரத்த பேச்சும் வேண்டாம். கூட்டின் அருகே போகக் கூடாது. படம் எடுப்பதற்காகப் பறவையின் குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டு அழைப்பதும் தவறு.

நீர் ஓடுகிறதா, தேங்கியிருக்கிறதா, வற்றிவிட்டதா என்று முதலில் எழுதுங்கள். பிறகு கண்ட பறவைகளை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அளவு, நிறம், வால், குரல், செய்த செயல் ஆகியவற்றைக் குறித்தால் போதும், பெயரைப் பின்னர் அறிந்துகொள்ளலாம். ஊர்ப் பெரியவர்களிடம், 'இந்த ஓடை முன்பு எந்த மாதம் வரை ஓடியது?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் ஆண்டோடு எழுதி வையுங்கள்.

இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிச் செய்தால், உங்கள் ஊர் ஓடைக்கு ஒரு நாட்காட்டி உருவாகிவிடும். கோடையில் ஒரு நாள் யாரேனும் வந்து, 'இங்கே நீரே இல்லையே, இது ஓடையா?' என்று கேட்டு அளவுகோலை விரிக்கக் கூடும். அப்போது உங்கள் குறிப்பேட்டைத் திறந்து காட்டலாம்.